பெங்களூர்ல கம்மி சம்பளத்துல மாசத்த ஓட்டுறது எப்படி

சம்பளம் வந்த அன்னைக்கே வாடகை, ஊருக்கு அனுப்புறது, சீட்டுக்காசு மூணையும் தனியா எடுத்து வச்சிருங்க, மிச்சத்த நாலா பிரிச்சு வாரத்துக்கு ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க, முதல் வாரத்துலயே கை நீண்டுச்சுன்னா 20ஆம் தேதிக்கு மேல கடன்தான்.

இங்க பெரிய அடியே அட்வான்ஸ்தான். சில ஓனருங்க பத்து மாச வாடகை வரைக்கும் கேப்பாங்க, கூச்சப்படாம பேரம் பேசுங்க, காலி பண்றப்ப எவ்ளோ பிடிப்பாங்கன்னு அக்ரிமென்ட்ல எழுதாம காசு குடுக்காதீங்க. நான் எழுதி வாங்காம விட்டு, பெயின்டிங் செலவுன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிட்டாங்க, இன்னும் மனசு ஆறல.

வீட்டுப் பொம்பளைங்க ஆதார்ல கர்நாடகா அட்ரஸ் மாத்திடுங்க, 2023 ஜூன்ல வந்த சக்தி திட்டத்துல பிஎம்டிசி, அதாவது பெங்களூர் சிட்டி பஸ் சர்வீஸ், அதோட சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாது, ஏசி பஸ்ல மட்டும் செல்லாது. வேலைக்குப் போறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய மிச்சம்னு கணக்கு போட்டுப் பாருங்க! கரண்டுக்கு க்ருஹ ஜோதின்னு கர்நாடக அரசுத் திட்டம் இருக்கு, உங்க பழைய உபயோகத்த வச்சு இலவச அளவ முடிவு பண்ணுவாங்க, அதிகபட்சம் மாசம் 200 யூனிட் வரைக்கும் இலவசம், வாடகைக்கு இருக்கறவங்களும் அப்ளை பண்ணலாம்.

காய்கறி கே.ஆர். மார்க்கெட்ல விடியக்காலைல மொத்தமா வாங்கி பக்கத்து வீட்டோட பிரிச்சுக்கலாம். ஆப்ல லோன் மட்டும் வேணாங்க, ப்ளீஸ்.