அரசியல் அறிவியல் பட்டம்: செலவையும் வேலைவாய்ப்பையும் எடைபோடுவது எப்படி

அரசியல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொன்னவுடன், வீட்டில் எழும் முதல் கேள்வி 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது. மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகளில் பட்டத்தின் பெயரே வேலையின் பெயரையும் சொல்லிவிடுகிறது. அரசியல் அறிவியலில் அப்படி ஒரே ஒரு வேலை காத்திருப்பதில்லை. இந்தப் பட்டம் பலன் தருமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்களே முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, அதை என்ன விலை கொடுத்துப் பெறுகிறீர்கள். மற்றொன்று, அதனுடன் சேர்த்து வேறு எந்தத் திறனைக் கைக்கொள்கிறீர்கள்.

முதலில் விலையை முழுமையாக எழுதிப் பாருங்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, பயணம், புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை அநேகமாக எல்லோரும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். விட்டுப்போவது, படிக்கும் ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம். பட்டம் இல்லாமலேயே உடனடியாக வேலையில் சேரக்கூடிய ஒருவருக்குப் பல நேரங்களில் அதுவே மிகப்பெரிய செலவு. அதேபோல், உதவித்தொகையைக் கழிக்கும்போது அது எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையின்பேரில் வழங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் உதவித்தொகையை முதல் ஆண்டுக்கு மட்டும் உறுதியான வரவாகக் கொள்வதே பாதுகாப்பு.

கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 பங்கு (ஒரு பங்கு என்பது எந்தத் தொகையாகவும் இருக்கலாம்) கடன் வாங்குகிறீர்கள், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், படிக்கும் காலத்தில் வட்டியும் அசலோடு சேர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியது 300, மூன்றாம் ஆண்டின் முடிவில் கடன் 364 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 4.8, மொத்தமாகக் கட்டும் தொகை சுமார் 577. படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவர முடிந்தால் தவணை 4-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். தொடக்கச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் வரம்பு. அப்படிப் பார்த்தால், இதே வட்டியிலும் காலத்திலும், கையில் கிடைக்கும் முதல் மாதச் சம்பளம் ஆண்டுக்கு வாங்கும் கடனில் ஏறக்குறைய பாதியாவது இருக்க வேண்டும். இத்துறையில் சம்பளம் எவ்வளவு வேகமாக உயரும் என்பது உறுதியில்லை என்பதால், பத்தாண்டு கழித்துக் கிடைக்கப்போகும் சம்பளத்தை நம்பி இன்று கடனை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, கல்லூரிகள் காட்டும் வேலைவாய்ப்பு விவரங்களைப் படிக்கும் முறை. '95 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள்' என்ற வரியைக் கண்டால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். 80 பேர் பட்டம் பெற்று, 40 பேர் மட்டும் பதில் அனுப்பி, அதில் 38 பேர் வேலையில் இருந்தாலும் அது 95 சதவீதம்தான். ஆனால் உங்களுக்கு உறுதியாகத் தெரிவது 80 பேரில் 38 பேரைப் பற்றி மட்டுமே. சராசரிச் சம்பளத்தைச் சொன்னால், வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள், ஏனெனில் ஒரே ஒருவரின் பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். மேற்படிப்புக்குப் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள், கிடைத்த வேலைக்குப் பட்டம் தேவைப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். துறை அலுவலகம் இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால், அதையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே ஆட்சிப் பணிக்கு ஆள் உருவாக்கும் வேலையோடு பிணைந்தது. அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுடனான போரில் பிரான்ஸ் தோற்றதை அடுத்து, நாட்டை நடத்தத் தகுந்தவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எமில் பூத்மி 1872-இல் பாரிஸில் அரசியல் அறிவியல் பள்ளியைத் தொடங்கினார். இன்றும் அரசுப் பணித் தேர்வு எழுதுவோர் இப்பாடத்தை நாடுகிறார்கள். ஆயினும் தேர்வில் வெல்பவர்கள் சிலரே என்பதால், அந்த வழி அடைபட்டால் என்ன செய்வது என்பதற்கான விடையும் கையில் இருக்க வேண்டும். சட்டத்துக்குப் போக நினைப்பவர்கள், தங்கள் நாட்டில் சட்டம் நேரடி இளங்கலைப் படிப்பா அல்லது பட்டத்துக்குப் பின் படிப்பதா என்று பார்க்க வேண்டும். நேரடியாகவே படிக்க முடியுமானால் இந்தப் பட்டம் கூடுதலாகச் சில ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். பன்னாட்டு அமைப்புகளில் மொழித்திறன் முன்னே நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவைக்கு 6 ஆட்சி மொழிகள் உண்டு. அதன் இளம் வல்லுநர் தேர்வுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ புலமை வேண்டும், வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, விண்ணப்பிப்பவரின் நாடும் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இதழியல், கொள்கை ஆய்வு, தேர்தல் பணி, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது துணைத் திறனைத்தான். அரசியல் கோட்பாட்டை நன்றாகப் படித்த ஒருவர் தெளிவாகச் சிந்திப்பார், நன்றாக எழுதுவார். அது உண்மையான பயிற்சி. ஆனால் வேலை தருபவருக்கு அதைக் காட்ட ஒரு சான்று தேவைப்படுகிறது. புள்ளியியல் அத்தகைய சான்று. ஒரு கருத்துக்கணிப்பில் ஒரு வேட்பாளருக்கு 48 சதவீதமும் மற்றவருக்கு 46 சதவீதமும் கிடைத்தது என்ற செய்தியைப் பலர் 'முன்னிலை' என்றே படிப்பார்கள். தற்செயல் முறையில் தேர்ந்த 1,000 பேரிடம் கேட்ட கணிப்பில் பிழை வரம்பே (உண்மை நிலை கணிப்பிலிருந்து விலகியிருக்கக்கூடிய அளவு) இரு பக்கமும் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் என்று அறிந்த மாணவர், இந்த 2 புள்ளி வித்தியாசத்தை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதை உடனே பிடித்துவிடுவார். அந்தக் கணக்கை ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் தானே செய்து, இரண்டு பக்க அறிக்கையாக எழுதிக் காட்டத் தெரிந்தவருக்கு ஆய்வு நிறுவனம், சந்தை ஆராய்ச்சி, அரசுத் திட்ட மதிப்பீடு எனப் பல கதவுகள் திறக்கும். எண்களில் நாட்டம் இல்லாதவர்கள் இன்னொரு மொழியையோ, சட்டத்தையோ, பொது நிதி நிர்வாகத்தையோ அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லாமல் வெளியே வருவதுதான் ஆபத்து.

ஆகவே சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கி, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஆய்வு முறைமைக்கு எத்தனை தாள்கள், அவை கட்டாயமா, பொருளியல் துறையிலிருந்து பாடம் எடுக்க அனுமதி உண்டா, பணிப்பயிற்சிக்கு மதிப்பெண் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டம் பல பல்கலைக்கழகங்களால் பின்பற்றப்பட்டிருக்கிறது; அத்தகைய கூட்டுப் பாடம் அருகே கிடைத்தால், விலை ஒன்றாக இருக்கும் பட்சத்தில் நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். குறைந்த கட்டணத்தில் நல்ல ஆய்வுப் பயிற்சி தரும் அரசுக் கல்லூரியையும் பெயர்பெற்ற, விலைகூடிய நிறுவனத்தையும் ஒப்பிடும்போது, அந்தப் பெயருக்காக மட்டும் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தனியாக எழுதிப் பாருங்கள்.

மேற்படிப்பைப் பற்றி ஒரே வார்த்தை: முதுகலையை ஒரு குறிப்பிட்ட வேலை அதைக் கேட்கிறது என்று தெரிந்த பின் படியுங்கள், முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்காவிட்டால் சொந்தப் பணத்தில் போகாதீர்கள், ஏனெனில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம்.

இத்தனைக்கும் பிறகு, பாடத்தின் மீதான ஆர்வத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். விருப்பமில்லாத பாடத்தில் சேர்ந்து பாதியில் விடுபவருக்குக் கட்டணமும் ஆண்டுகளும் செலவாகிறதே தவிர, பட்டம் கைக்கு வருவதில்லை. அதனால்தான் வெளியேறும் வழியையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்: முதல் ஆண்டு முடிவில் வேறு துறைக்கு மாற அனுமதி உண்டா, படித்த தாள்கள் அங்கே செல்லுமா, செலுத்திய கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இந்த மூன்றுக்குமான பதிலை, முன்பணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.