மூடுவதற்கு முன் பாருங்கள்: வீட்டில் தோட்டா நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்ததும் தரையில் விழும் பித்தளைக் கூட்டைப் பலரும் குப்பை என்று நினைப்பார்கள். உண்மையில் தோட்டாவின் விலையில் பெரும் பங்கு அந்தக் கூட்டில்தான் இருக்கிறது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக அடியில் பொருத்தி, மருந்து அளந்து ஊற்றி, மேலே குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் ஒரு தோட்டா. ஹேண்ட்லோடிங், ரீலோடிங் என்று அமெரிக்காவில் சொல்வது இதைத்தான். பனிக்காலத்தில் பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வீட்டுப் பேஸ்மெண்ட்டில் உட்கார்ந்து இதைச் செய்பவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இது, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் போகும் தமிழர்களுக்காக எழுதியது. வெடித்தூளை நம் ஊர் வழக்கப்படி ‘மருந்து’ என்றே எழுதுகிறேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்ற அளவுகளை இங்கே தேடாதீர்கள். அது கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டிய விஷயம்.

இந்த வேலையின் தவறுகளை மற்ற கைவேலைத் தவறுகளோடு சேர்க்க முடியாது. தைத்த சட்டையில் பிசகு இருந்தால் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். தோட்டாவில் குண்டை அழுத்தி மூடிவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்த மருந்து என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா ஒன்றின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 அல்லது 35தான். அப்படிப்பட்ட அழுத்தம் நம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உண்டாகிறது. எனவே எந்தச் சோதனையாக இருந்தாலும் மூடுவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

மேசையில் இரண்டு டப்பா

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சனிக்கிழமை காலை ரைஃபிள் தோட்டா நிரப்ப உட்கார்ந்தேன். அளக்கும் கருவியில் மருந்தை ஊற்றி, முதல் அளவைத் தராசில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. கூட்டில் கொட்டும்போதுதான் கவனித்தேன்: குட்டிக் குட்டிக் குச்சிகளாக இருக்க வேண்டிய மருந்து உருண்டை மணிகளாக விழுந்தது. முந்தின வாரம் பிஸ்டலுக்கு ஊற்றிய மருந்தைக் கருவியிலிருந்து காலி செய்யாமல் போயிருக்கிறேன். அதன் மேலேயே புது மருந்தைக் கொட்டிவிட்டேன். பிஸ்டல் மருந்து வேகமாக எரியும். ரைஃபிள் அளவுக்கு அதை நிரப்பிச் சுட்டிருந்தால் துப்பாக்கி தாங்கியிருக்காது. கலந்துபோனதை அப்படியே தனியாக எடுத்து வைத்தேன். அன்றைக்கு வேறு எதையும் நிரப்பவில்லை.

தராசு எடையைத்தான் சொல்லும். எந்த மருந்து என்று சொல்லாது. அன்றிலிருந்து மேசையில் ஒரு டப்பாவுக்கு மேல் வைப்பதில்லை. கருவியில் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டு அதன் மேலேயே ஒட்டியிருக்கும். வேலை முடிந்து எழுந்திருக்கும் முன் மீதி மருந்து அதன் சொந்த டப்பாவுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் கருவியில் நாள்கணக்கில் மருந்தை விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கும் கெடும்.

பெயர்களிலும் ஏமாறலாம். ஐஎம்ஆர் 4350 என்று ஒன்று இருக்கிறது, ஹெச் 4350 என்று ஒன்று இருக்கிறது. 4831லும் இதே கதை. எண் ஒன்று, மருந்து வேறு, எரியும் வேகமும் வேறு. கடையில் ஒன்று கிடைக்கவில்லை என்று மற்றதை வாங்கி வந்து அதே அளவை ஊற்றுவது பெரிய ஆபத்து. டப்பாவின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை கையேட்டோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

இரண்டு முறை ஊற்றுவது, ஊற்றவே மறப்பது

.38 ஸ்பெஷல் தோட்டா 1898ல் வந்தபோது கரிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. கரிமருந்துக்கு நிறைய இடம் வேண்டும், அதனால் கூடு பெரிது. இன்றைய வேக மருந்து அதில் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். தெரியாமல் இரண்டாவது முறை ஊற்றினாலும் வழியாது. குண்டும் சாதாரணமாக உட்கார்ந்துவிடும். அடுத்து அதைச் சுடும்போது ரிவால்வரின் உருளையே பிளந்துபோகலாம்.

முற்றிலும் மறந்துபோனால் வேறு விபரீதம். பிரைமர் மட்டும் வெடித்து குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். ‘டமால்’ என்ற சத்தத்துக்குப் பதில் மெல்லிய ‘பட்’ கேட்கும். வேகமாகச் சுட்டுக்கொண்டிருப்பவர் இதைத் தோட்டாக் கோளாறு என்று நினைத்து, பழக்கத்தில் அடுத்ததை ஏற்றிச் சுடுவார். அடைத்த குழலில் இரண்டாவது குண்டு போய் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலோ, தோளில் உதை குறைவாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே அரை நிமிடம் வைத்திருந்து, பிறகு காலி செய்து, குழலில் துடைக்கும் கம்பியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. ஐம்பது கூடுகளைக் கட்டையில் வரிசையாக நிறுத்தி மருந்தை ஊற்றுங்கள். குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். ஒரு கூட்டில் மட்டும் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்ணில் பட்டுவிடும். நடுவில் போன் அடித்தாலோ குழந்தை கூப்பிட்டாலோ, செய்துகொண்டிருந்த கூட்டைக் காலி செய்து, திரும்பி வந்ததும் அதை முதலிலிருந்து தொடங்குங்கள். ‘இதில் ஊற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன்’ என்ற எண்ணம் வந்தாலே அது ஊற்றாத கூடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் உதவும். கூட்டில் பாதிக்கு மேல் நிறையும் மருந்தை இரண்டு முறை ஊற்றினால் வழிந்தே தீரும்.

கையேட்டுக்கு மேலே ஒரு படி

சியெரா, ஹார்னடி, லைமன் போன்ற நிறுவனங்கள் கையேடுகள் வெளியிடுகின்றன. மருந்துத் தயாரிப்பாளர்களும் தங்கள் தளங்களில் அளவுகளைத் தருகிறார்கள். பெரும்பாலானவற்றில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். புதிதாக வருபவர்கள் நேரே உச்சத்துக்குப் போகிறார்கள். கையேட்டில் சோதித்த துப்பாக்கி வேறு, உங்களுடையது வேறு. தொடக்க அளவு தரப்படாவிட்டால் உச்சத்திலிருந்து பத்து சதவீதம் குறைத்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். எடைக்கு இங்கே கிரெயின் என்ற அலகு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மின்னணுத் தராசு ஃபேன் காற்றுக்கே தடுமாறும் அளவு இது. சோதனைக் கல் வைத்து அடிக்கடி சரிபாருங்கள்.

எல்லா மருந்தையும் குறைத்தால் பாதுகாப்பு என்பதும் தவறு. மேக்னம் ரிவால்வர்களுக்கான ஹெச் 110, கொடுத்த அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாத மருந்து. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலில் சிக்கிவிடும்.

உறுப்புகளை மாற்றுவதும் அளவை மாற்றுவதற்குச் சமம். ராணுவப் பித்தளைக் கூடுகளில் பல, சுவர் தடித்தவை. உள்ளே இடம் குறைவு என்பதால் அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். செம்பு குண்டும் அப்படித்தான். 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா பயன்படுத்த முடியாது. அதனால் நிறைய பேர் முழுச் செம்பு குண்டுக்கு மாறினார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் அதிகம், கூட்டுக்குள் ஆழமாக இறங்கும். ஈயக் குண்டின் அளவை அதற்கு எடுத்து வைக்கக் கூடாது.

அழுத்தம் மிஞ்சியதற்கு அடையாளம் என்று தட்டையான பிரைமரைச் சொல்வார்கள், துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட் இறுகுவதைச் சொல்வார்கள், கூட்டின் அடியில் பளபளவென்று விழும் தழும்பைச் சொல்வார்கள். இவை தெரிந்தால் நிறுத்த வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இவை தெரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பல நேரம் எல்லையைத் தாண்டிய பிறகுதான் இவை தலைகாட்டும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இதைவிட நேர்மையான சாட்சி. கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் துப்பாக்கி தாண்டுகிறதென்றால், அழுத்தமும் கூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் சோதித்த அளவு ஆகஸ்ட் வெயிலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூட்டின் ஆயுள்

ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு கொஞ்சம் நீள்கிறது. .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கூட்டின் வாய், தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் முனையில் இடித்து குண்டை நெரிக்கும். காலிப்பரால் அளந்து, தாண்டியதை 2.005க்கு வெட்டிவிடுங்கள்.

இதைவிட அதிகம் பேர் செய்யும் தவறு, கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டையைக் கீழே இறக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் கூட்டின் தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளுவது. தோளுக்கும் அறைக்கும் இடைவெளி விழ, ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை இழுபட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து, ஒரு நாள் இரண்டாக அறுந்துவிடும். சூடான வாயு பின்பக்கம் வரும். போல்ட் ரைஃபிளுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தள்ளினால் போதும். மெலிந்த கூட்டில் வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்ளே விட்டு மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு.

எண்ணெய் பூசாமல் ரைஃபிள் கூட்டை டைக்குள் தள்ளினால் அங்கேயே சிக்கும். அதிகம் பூசினால் தோளில் குழி விழும். நிரப்பிய பிறகு துடைக்காமல் விட்டால் கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, போல்ட் மேல் சுமை கூடும். பிரைமரும் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் எம்1 காரண்ட் போன்ற ரைஃபிளில் மேடாக நிற்கும் பிரைமர், போல்ட் மூடும் வேகத்திலேயே வெடித்துவிடக்கூடும். ஒவ்வொரு பிரைமரையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

காட்டுக்குப் போகும் தோட்டா

இலக்குச் சுடும் குண்டை மான் வேட்டைக்கு எடுத்துப் போவதை என்னால் ஏற்க முடிவதில்லை. இலக்குக் குண்டு துல்லியத்துக்காகச் செய்தது; உடலுக்குள் போய் எப்படித் திறக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. காயத்தோடு ஓடும் மிருகத்தின் வேதனைக்கு நம் துல்லியம் பதிலாகாது. வேட்டைக்கென்றே செய்த குண்டை வாங்குங்கள். சீசனுக்கு முன்பே, பாதுகாப்பான இடத்தில், முனையைப் பத்திரமான திசையில் வைத்து, எடுத்துப் போகப்போகும் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் தடையின்றிப் போய் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளில் கூர்முனைக் குண்டு வேண்டாம்; முன் தோட்டாவின் பிரைமரில் பின்னாலிருப்பதன் முனை உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே ரப்பர் போன்ற மென்முனைக் குண்டு கிடைக்கிறது.

பெட்டியில் பெயர் எழுதாமல் விடுவது சின்னத் தவறாகத் தெரியலாம். .300 பிளாக்அவுட் தோட்டா, .223 கூட்டைக் குட்டையாக்கிச் செய்தது. ஒரே மேகசினில் இரண்டும் போகும். .223 துப்பாக்கியின் அறையில் அது சில சமயம் உட்கார்ந்தும்விடும். 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழலில் நுழையாது, துப்பாக்கி வெடிக்கும். இப்படி நடந்த விபத்துகள் பல. தோட்டாவின் பெயர், குண்டு, மருந்து, அளவு, தேதி எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். அப்புறம், யாரோ நிரப்பிக் கொடுத்த தோட்டாவை, கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சுடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்காக

பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது. சுட்ட கூடுகளைச் சோளக்கட்டைத் தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியிலும் அது வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உருட்டும் கருவியை அறைக்கு வெளியே வையுங்கள், அல்லது தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

பிரைமரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டுதான். வாங்கிய அட்டையிலேயே இருக்கட்டும். மருந்தும் அதன் சொந்த டப்பாவிலேயே. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதி, வீட்டில் 20 பவுண்டு வரை மருந்தை அப்படி வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 வரை, ஓர் அங்குலத் தடிமன் மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். டப்பாவைத் திறந்ததும் காரமான நெடி அடித்தாலோ, துருப்போல் செந்தூசி தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகும், மூடி முடித்த ஐம்பதில் ஒன்றில் மருந்து விட்டுப்போனதோ என்று சந்தேகம் வரும் நாள் வரத்தான் செய்யும். பலர் தோட்டாக்களை எடை போட்டுக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். பிஸ்டல் தோட்டாவில் இது நம்பத் தகாதது. கூடுகளுக்குள்ளும் குண்டுகளுக்குள்ளும் இருக்கும் எடை வேறுபாடே அந்தச் சின்ன மருந்து அளவை மறைத்துவிடும். சுத்தியல் போன்ற ஒரு கருவி இருக்கிறது. தோட்டாவை அதில் மாட்டித் தட்டினால் குண்டு கழன்று வரும். ஐம்பதையும் பிரித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. கூடும் குண்டும் மறுபடி உதவும். மருந்தை மட்டும் டப்பாவில் திரும்பப் போடாமல், தோட்டத்துப் புல்லில் மெல்லியதாகத் தூவிவிடுங்கள். அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரமாகும்.