கேமிங் கம்ப்யூட்டர்: ப்ராசஸருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

கேமிங்குக்காக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ப்ராசஸரைப் பற்றித்தான். ரைசன் 5 5600 போதுமா, இல்லை கஷ்டப்பட்டாவது ரைசன் 7 9800எக்ஸ்3டி போட்டுவிடலாமா என்பார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும்? எந்த கேமை அதிகம் ஆடுகிறீர்கள்? இதற்குப் பதில் வந்த பிறகுதான் ப்ராசஸர் பேச்சையே எடுப்பேன்.

காரணம் இதுதான். திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, சுவர் எப்படி இடிந்தது, இந்த ஃபிரேமில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது ப்ராசஸர். அதை வாங்கிப் புள்ளி புள்ளியாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 60 எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு இருக்கிறது. 144-க்கு 6.9. 240-க்கு வெறும் 4.2. இருவரில் யார் மெதுவாக முடிக்கிறாரோ அவருடைய வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையைக் கூட்டினால் கிராபிக்ஸ் கார்டின் வேலைதான் கூடும். ப்ராசஸரின் கணக்கு பெரிதாக மாறாது. 1080பி-யிலும் 4கே-யிலும் அதே எதிரி, அதே குண்டு. அதனால் ரெசல்யூஷனைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு வாங்குங்கள், ஹெர்ட்ஸையும் கேமையும் பார்த்து ப்ராசஸர் வாங்குங்கள்.

ரிவ்யூவை எப்படிப் படிப்பது

யூடியூபில் ப்ராசஸர் ரிவ்யூ பார்த்தால் பெயரின் கடைசியில் எக்ஸ்3டி உள்ள ரைசன் வகைகள் எப்போதும் மேலே நிற்கும், 5600 எங்கோ கீழே கிடக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் மாட்டியிருப்பது ஆர்.டி.எக்ஸ். 4090 அல்லது 5090 மாதிரி உச்ச ரக கிராபிக்ஸ் கார்டு, ரெசல்யூஷன் 1080பி. கிராபிக்ஸ் கார்டு எங்கேயும் தடுக்கக்கூடாது, ப்ராசஸரின் உச்சம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அந்த வித்தியாசம் அப்படியே உங்கள் வீட்டு ஆர்.டி.எக்ஸ். 4060-இலும் வரும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவதுதான் தப்பு.

நான் செய்வது இப்படி. நீங்கள் ஆடும் கேமுக்கு, நினைத்திருக்கும் ப்ராசஸரின் 1080பி எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, உங்கள் கிராபிக்ஸ் கார்டின் ரிவ்யூவுக்குப் போய், அதே கேமில் உங்கள் ரெசல்யூஷனுக்கு உள்ள எண்ணை எழுதுங்கள். மூன்றாவதாக மானிட்டரின் ஹெர்ட்ஸ். மூன்றில் எது சிறியதோ அதுதான் நீங்கள் கண்ணால் பார்க்கப்போவது. கார்டு 70 கொடுக்கிறது, மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால், ப்ராசஸர் 150 கொடுத்தாலும் 220 கொடுத்தாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை இதில் கவனிக்க வேண்டும். டி.எல்.எஸ்.எஸ். மாதிரி அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) போட்டால் கார்டு உள்ளே சிறிய ரெசல்யூஷனில்தான் வரைகிறது. 1440பி-யில் குவாலிட்டி மோடு என்றால் உள்ளே நடப்பது 960பி. கார்டின் சுமை குறைய, ப்ராசஸர் முன்னால் வந்து தடுக்க ஆரம்பிக்கும். அப்ஸ்கேலிங்கை எப்போதும் போட்டு ஆடுகிறவர் என்றால் கார்டின் எண்ணை 1440பி பட்டியலில் பார்க்காமல் 1080பி பட்டியலில் பாருங்கள்.

வீட்டிலேயே அளப்பது

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் சுலபம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் இலவசம், அதோடு வரும் ரிவாட்யூனரையும் போட்டுக்கொள்ளுங்கள். திரையின் மூலையில் எஃப்.பி.எஸ்., கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, ப்ராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டின் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய ஒவ்வொரு வேலை வரிசையின்) பயன்பாடு, இவ்வளவும் தெரியும்படி வையுங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்ப வேண்டாம். 12 த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதம்தான். ப்ராசஸர் சும்மா இருக்கிறது என்று தோன்றும், கேமோ திக்கிக்கொண்டிருக்கும்.

என் அக்கா மகன் வேலோரண்ட் கேம் பைத்தியம். பழைய ஐ5-7400 ப்ராசஸர், ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு, எட்டு ஜி.பி. ராம் ஒரே ஸ்டிக். புதிதாக 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டான். "மாமா, எல்லாரும் எக்ஸ்3டி-தான் பெஸ்ட்னு சொல்றாங்க, அதையே போட்டுடலாமா?" என்று போன். "பெஸ்ட்டுதாண்டா, யார் இல்லைன்னா? முதல்ல நான் சொல்றதைச் செஞ்சு பாரு" என்றேன்.

பிராக்டிஸ் ரேஞ்ச் வேண்டாம், உண்மையான மேட்ச் ஆடச் சொன்னேன். 1080பி-யில் 110-க்கும் 130-க்கும் நடுவே ஓடியது. புகை, ஃபிளாஷ் எல்லாம் ஒரே இடத்தில் வெடித்தால் 70 வரை விழுந்தது. கார்டு பாதிச் சுமைகூட எடுக்கவில்லை. ப்ராசஸரின் நாலு த்ரெட்டும் 100-ஐ ஒட்டியே நின்றன. அடுத்த மேட்சில் ரெசல்யூஷனை 1280-க்கு 720 ஆக இறக்கச் சொன்னேன். படம் மங்கலானது. எஃப்.பி.எஸ். அசையவில்லை, அதே 110, அதே 70. கார்டின் பயன்பாடு மட்டும் இன்னும் கீழே போனது.

இதுதான் பார்க்க வேண்டிய அடையாளம். ரெசல்யூஷனைக் குறைத்தும் எண் ஏறாவிட்டால் தடுப்பது ப்ராசஸர் பக்கம். சரசரவென்று ஏறினால் தடுத்தது கார்டு. புது ப்ராசஸருக்கு வைத்திருக்கும் பணத்தைக் கார்டுக்குத் திருப்புங்கள். மானிட்டரின் ஹெர்ட்ஸிலேயே எண் முட்டி நின்றால் வி-சிங்க்கையும் (எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டரோடு கட்டிப்போடும் அமைப்பு) எஃப்.பி.எஸ். வரம்பையும் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஐ5-12400எஃப், டி.டி.ஆர்.4 என்ற பழைய தலைமுறை ராமுக்கான பி760 போர்டு, எட்டு எட்டாக இரண்டு ராம். பழைய 1650 அப்படியே இருக்கட்டும் என்றேன், வேலோரண்டுக்கு அது போதும். இப்போது கூட்டமான சண்டையிலும் 165-க்குக் கீழே இறங்குவதில்லை. 9800எக்ஸ்3டி அந்த ப்ராசஸரைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு விலை. அதற்கு மேல் அந்தச் சிப் பொருந்தும் ஏ.எம்.5 போர்டு, புதிய தலைமுறை டி.டி.ஆர்.5 ராம், தனியாகக் கூலர். இவ்வளவும் செலவழித்தால் கிடைக்கும் கூடுதல் ஃபிரேம்களை அவன் மானிட்டர் காட்டப்போவதில்லை.

விலை குறைந்ததில் எங்கே கோடு போடுவது

ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட். இதற்குக் கீழே கேமிங்குக்குப் புதிதாக வாங்க வேண்டாம் என்பேன். ஐ3-12100எஃப் நாலு கோர். சராசரி எண் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்களில் 1 சதவீத லோ என்று சொல்கிறார்களே, மிக மெதுவாக வரும் ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம், அந்த எண் விழும். கையில் உணர்கிற திக்கல் அதுதான். பி.எஸ்.5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் எட்டு கோர் இருக்கிறது, இன்றைய பெரிய கேம்கள் அதை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அந்த எட்டும் பழைய ஸென் 2 தலைமுறை என்பதால் புதிய தலைமுறையின் ஆறு கோர் ஈடுகொடுத்துவிடும், நாலு கோருக்குத்தான் சிரமம்.

பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். ரைசன் 5 5500, 5600ஜி, 5600 மூன்றும் ஆறு கோர், விலைப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதல் இரண்டிலும் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) 16 எம்.பி., பி.சி.ஐ.இ. (கார்டை இணைக்கும் பாதை) 3.0 மட்டும். 5600-இல் 32 எம்.பி., பி.சி.ஐ.இ. 4.0. தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 5600-ஐ வாங்குங்கள். 5600ஜி, கார்டு இப்போதைக்கு இல்லை, உள்ளே இருக்கும் கிராபிக்ஸிலேயே ஓட்டுவேன் என்பவர்களுக்கானது. இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

விலை கூடியது எப்போது நியாயம்

எக்ஸ்3டி-யின் பலம் கோர் எண்ணிக்கையில் இல்லை, கேஷில் இருக்கிறது. 7600-இல் எல்3 32 எம்.பி., 7800எக்ஸ்3டி-யிலும் 9800எக்ஸ்3டி-யிலும் 96 எம்.பி. ப்ராசஸருக்கு வேண்டிய தகவல் கேஷில் இருந்தால் சுமார் 10 நானோசெகண்டில் கைக்கு வரும். அங்கே இல்லாமல் ராமுக்குப் போனால் 70, 80 நானோசெகண்டு. கடைக்காரர் கேட்ட பொருளைக் கவுண்டரிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கும் கோடவுனுக்குப் பையனை அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம். ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கெடுக்கும் கேம்களுக்கு இந்தப் பெரிய கவுண்டர் வரப்பிரசாதம்.

எவை அந்த கேம்கள்? மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். ஸ்டெல்லாரிஸ், ஃபாக்டோரியோ மாதிரி ஆட ஆட உலகம் பெருத்துக்கொண்டே போகிறவை. பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் பாகத்தில் வரும் நகரம். அதுவரை அமைதியாக ஓடிய ப்ராசஸர் அங்கே நுழைந்ததும் தடுமாறும். அப்புறம் 240 ஹெர்ட்ஸுக்கு மேல் மானிட்டர் வைத்துக்கொண்டு கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-வைத் தீவிரமாக, டோர்னமெண்ட் அளவில் ஆடுகிறவர்கள். இவர்கள் பட்ஜெட் இருந்தால் தயங்காமல் எக்ஸ்3டி வாங்கலாம், அந்தப் பணம் வீண் போகாது. 5090 அளவுக்குக் கார்டு வைத்திருப்பவர்களும் இந்தப் பட்டியலில் சேர்த்தி.

ஆனால் விலை கூடியது எல்லாம் ஒரே ரகம் இல்லை. 16 கோர் உள்ள ரைசன் 9 9950எக்ஸைவிட எட்டு கோர் 9800எக்ஸ்3டி கேமில் முந்துகிறது. வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் என்று வேறு வேலை இல்லாதவருக்கு 16 கோர் தேவையே இல்லை. ஐ9-14900கே முழுச் சுமையில் 253 வாட் இழுக்கும் சிப். நம் ஊர் மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறையில் அதைக் குளிர வைக்கப் பெரிய லிக்விட் கூலர் வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட். கார்டும் சேர்ந்தால் கரண்ட் போன அடுத்த நொடி சிஸ்டம் அணைந்துவிடும். 7800எக்ஸ்3டி கேமில் அதில் சிறு பங்குதான் இழுக்கும், நல்ல ஏர் கூலரே போதும். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அதிக வோல்டேஜால் சில சிப்கள் நிலைகுலைந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் என்ற திருத்தத்தை, போர்டின் பயாஸ் அப்டேட் வழியாக, வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸ் அப்டேட் ஆகாமல் மாதக்கணக்கில் ஓடிய சிப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி

எனக்குப் பிடித்தது இதுதான்: ஏ.எம்.5 போர்டில் இன்று ரைசன் 5 7600, இரண்டு மூன்று வருடம் கழித்து அதே போர்டில் அன்றைய எக்ஸ்3டி. 2027 வரையாவது இந்த சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) ப்ராசஸர் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. 12400எஃப் உட்காரும் இன்டெல் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் இந்த வசதி இல்லை. 14-ஆம் தலைமுறையோடு அந்த சாக்கெட் முடிந்தது. ஆனால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து டி.டி.ஆர்.5 வாங்குவதே பெரிய செலவாகிவிட்டது. வீட்டில் நல்ல டி.டி.ஆர்.4 ராம் கிடக்கிறதென்றால் 5600 அல்லது 12400எஃப், மீதிப் பணம் முழுவதும் கார்டுக்கு என்று போவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எதை வாங்கினாலும் ராமை இரண்டு ஸ்டிக்காகப் போடுங்கள், பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். 3200 வேக ராமை வாங்கி 2133-இல் ஓட்டிக்கொண்டு ப்ராசஸரைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறீர்கள் என்றால், விலை குறைவாகச் சொல்லும்போது பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா என்று கேளுங்கள். ட்ரே (கம்பெனி பெட்டி இல்லாமல் வருவது) என்றால் கூலர் வராது, வாரண்டி பெரும்பாலும் கடையோடு சரி. பாக்ஸ் என்றால் சீலைப் பார்த்து, சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பி650 என்ற ஏ.எம்.5 போர்டோடு ரைசன் 9000 வரிசை ப்ராசஸர் எடுத்தால், பயாஸ் அப்டேட் செய்து, ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய ஸ்டாக் போர்டு அப்டேட் இல்லாமல் அந்தச் சிப்பை அடையாளம் காணாது.