பெட்டியை வாங்கினோம், கையெழுத்தை வாங்கவில்லை: உள்ளூர் வரலாற்றுச் சங்கம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் தொடங்கப்பட்ட ஓர் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தினர் தங்கள் சேகரிப்பைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். மேசை நிறையப் பழைய புகைப்படங்களும் கடிதக் கட்டுகளும் இருந்தன. அவற்றைக் கொடுத்தவர் யார் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். நாங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில் இதே கேள்விக்கு இப்படியே விழித்திருக்கிறோம் என்பதால், அங்கே குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கு எழுதாமை, கூட்டக் குறிப்பு எடுக்காமை போன்றவை எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான குறைகள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எழுத்தில்லாமல் பொருளை வாங்குவது

எங்கள் முதல் ஆண்டில் ஒரு பெரியவர் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கடிதங்கள், ஒரு நாட்குறிப்பு, ஏறத்தாழ இருநூறு புகைப்படங்கள். "வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்; நாங்களும் கைகூப்பி வாங்கிக்கொண்டோம். அந்தச் சொல்லுக்கு ‘இனி இது உங்களுடையது’ என்றும் பொருள் உண்டு, ‘என் பொருளைப் பத்திரமாக வைத்திருங்கள்’ என்றும் பொருள் உண்டு என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் உழைத்து எல்லாவற்றையும் தூசி தட்டி, வகை பிரித்து, ஸ்கேன் செய்து, கண்காட்சியும் வைத்தோம். பெரியவர் காலமான பின் அவருடைய மகள் வந்து, அப்பா இரவலாகத்தான் கொடுத்தார் என்றார். மகனோ, நன்கொடையாகவே கொடுத்தார் என்றார். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது: அந்தப் படங்களைப் பிறர் கொடுத்த படங்களோடு கலந்து அடுக்கியிருந்ததால், எவை அவருடையவை என்று எங்களாலேயே பிரிக்க முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் குடும்பத்தார் மீதன்று, எங்கள் மீதுதான்.

இதைத் தவிர்க்க ஒரு பக்கப் படிவம் போதும். கொடுப்பவரின் பெயர், முகவரி, பொருள்களின் பட்டியல், தேதி, நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எந்த நாள்வரை, அந்தப் பொருளில் உடன்பிறந்தோர் எவருக்கேனும் பங்கு உண்டா, சேகரிப்புக்குப் பொருந்தாதவற்றை என்ன செய்வது ஆகியவற்றை அதில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். ‘நிரந்தர இரவல்’ என்று எவரேனும் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். பராமரிக்கும் செலவு உங்களுடையதாகவும் உரிமை அவருடையதாகவும் இருக்கும் ஏற்பாடு அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடிதத்தாள் ஒருவர் கையில் இருப்பதாலேயே அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை அவருடையதாகிவிடாது. பெரும்பாலும் அது எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. எனவே அச்சிடவும் இணையத்தில் ஏற்றவும் யாருடைய அனுமதி வேண்டும் என்பதையும் அந்தப் படிவத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

படிவத்தோடு, வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துப் பதியும் வரவுப் பதிவேடும் வேண்டும். 2024.7.12 என்றால் 2024-இல் வந்த ஏழாவது நன்கொடையின் பன்னிரண்டாவது பொருள் என்று பொருள். இந்த எண்ணைத் தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊடுருவும்.

பொருள்வாரியாகக் கலைத்து அடுக்குவது

திருமணப் படங்கள் ஓரிடம், பள்ளிப் படங்கள் ஓரிடம் என்று அடுக்குவது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே கட்டில் இருந்த கடிதமும் ரசீதும் படமும் ஒன்றையொன்று விளக்குகின்றன; கட்டைப் பிரித்தால் அந்தத் தொடர்பு போய்விடும். ஒருவரிடமிருந்து வந்தவற்றைப் பிறருடையவற்றோடு கலக்கக் கூடாது என்ற விதியை பிரான்ஸ் 1841-லேயே தன் ஆவணக் காப்பகங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. நாங்கள் அதைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கற்றுக்கொண்டோம்.

வந்ததையெல்லாம் வாங்குவது

எதைச் சேகரிப்பது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். உடைந்த தையல் இயந்திரத்தை மறுக்க அந்தத் தாள் உதவும்.

லேமினேஷன்

செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். செலோடேப்பும் அப்படித்தான், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்.

முதலில் கட்டடம் தேடுவது

அருங்காட்சியகம் திறக்க வேண்டும் என்ற ஆசையில் புதியவர்கள் தங்கள் பணத்தையும் பொறுமையையும் வாடகைக்குத் தொலைக்கிறார்கள். 1791-இல் பாஸ்டனில் தொடங்கிய மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அடுத்த ஆண்டே ஆவணங்களை அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது. ஒரே படி எரிந்தாலும் நனைந்தாலும் போய்விடும், பல படிகள் இருந்தால் ஏதேனும் ஒன்று தப்பும் என்ற கணக்கு அது. இன்று அதையே ஸ்கேன் செய்து, மூன்று படிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்பதன் மூலம் செய்யலாம். அதற்கு ஓர் அலமாரியும் ஒரு மேசையும் போதும்.

நேர்காணலைத் தள்ளிப்போடுவது

வயதில் மூத்தவரிடம் முதலில் செல்லுங்கள். பதிவைப் பயன்படுத்தும் ஒப்புதலையும் அன்றே எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒலிப்பதிவுக் கருவியில் எது சிறந்தது என்று நாங்கள் விவாதித்து முடித்தபோது நான்கு பேர்தான் இருந்தார்கள்.