விந்தணுத் தெரிவு: கோப்பையிலேயே தொடங்கும் தவறுகள்

இக்சி, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் சிகிச்சை, செய்யப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது விந்தணுவை எந்த முறையில் தெரிவார்கள், அதற்கு எவ்வளவு முடியும் என்பதைத்தான். ஆனால் எந்த முறையானாலும் விந்து மாதிரி எடுக்கும் கோப்பைக்குள் வந்ததிலிருந்துதான் தெரிந்தெடுக்க முடியும். பெரும்பாலான சேதம் ஆய்வுகூடத்தின் வாசலுக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது.

"சேரட்டும்" என்று பத்துப் பதினைந்து நாள் விந்தை வெளியேற்றாமல் அடக்கி வைப்பது முதல் தவறு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 2 முதல் 7 நாள். அதற்கு மேல் போனால் எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் கூடுவது பழைய அணுக்கள். விதைக்குப் பின்னாலுள்ள சுருள் குழாயில் தேங்கிக் கிடந்து அவற்றின் அசைவு குறையும், டிஎன்ஏவும் உடையும். டிஎன்ஏ சிதைவு கூடியவர்களை ஓரிரு நாள் இடைவெளியிலேயே மாதிரி தரச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு.

அடுத்தது எடுக்கும் விதம். விந்தணு செறிவாக வருவது முதல் துளிகளில். அது வெளியே சிந்தினால் மிச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் வராதீர்கள், சிந்தியதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அறிக்கை உங்களை வீணாகக் குறைத்துக் காட்டும். கழுவிய யோகட் கோப்பையும் ஜாம் போத்தலும் வேண்டாம், சவர்க்காரத்தின் மிச்சமே அணுக்களைக் கொல்லும். தேங்காய் எண்ணெய், எச்சில், கடையில் வாங்கும் ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் ஆகாது. கையால் எடுக்க மார்க்கமோ மனமோ இடம் தராதவர்களுக்கு, விந்தணுவைப் பாதிக்காத தனி உறை இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். இதைக் கேட்க வெட்கப்பட்டு மாதக்கணக்கில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் எடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கையில் கொடுக்க வேண்டும். வெப்பம் 20 முதல் 37 பாகை. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் வைத்தால் மத்தியான வெயிலில் வெந்துவிடும். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியும் அதே அளவு கெடுதல். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி, மூடியை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவருவதே சரி. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், ஆகவே அங்குள்ளவர்கள் ஆய்வுகூட அறையிலேயே எடுப்பதுதான் வழி. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், லீவில் வரும்போதே மாதிரியை உறையவைப்பது பற்றிப் பேசுங்கள். உருக்கும்போது ஒரு பகுதி இறக்கும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் பிரித்து வைப்பது நல்லது.

ஓர் அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மாதம் செல்லும். மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தவருக்கு அதன் தாக்கம் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் எடுக்கும் அறிக்கையில்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலின் கீழெல்லை 1.4 மில்லிலீற்றர் விந்து, மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் அணு, 42 வீத அசைவு, 4 வீத சரியான உருவம். "நூறில் நாலுதான் நல்லதாம்" என்று கலங்கத் தேவையில்லை, நாலு என்பதே போதுமான எல்லை.

இனி ஆய்வுகூடத்துக்குள். நீந்தவிட்டு எடுக்கும் முறையில் விந்தையும் அணுக்களைப் பேணும் திரவத்தையும் குழாயில் இட்டு, 45 பாகை சரித்து, 37 பாகை வெப்பத்தில் ஒரு மணித்தியாலம் வரை வைப்பார்கள். மேலே நீந்தி வருவதே தெரிவு. எண்ணிக்கையும் அசைவும் நல்லவர்களுக்கு இது போதும், குறைந்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவருக்கு 40, 80 வீதக் கரைசல்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றிச் சுழற்றும் அடர்த்திப் படை முறை பொருந்தும். அடியில் படிவதை எடுத்துக் கழுவுவார்கள். கூட அணு கிடைக்கும் என்று வேகத்தையும் நேரத்தையும் கூட்டினால் ஒட்சியேற்றச் சேதம்தான் கூடும்.

ஹயலுரோனன் தட்டு (முட்டையைச் சுற்றியுள்ள ஒரு பொருளில் ஒட்டும் முதிர்ந்த அணுவைத் தெரிவது), காந்த மணி (இறந்துகொண்டிருக்கும் அணுக்களைக் காந்தத்தால் பிரிப்பது), நுண்கால்வாய்ச் சில்லு (மிக நுண்ணிய கால்வாய்களில் நீந்தவிட்டுத் தெரிவது) ஆகியவை மேலதிகப் பணத்துக்கு வருபவை. ஹயலுரோனன் முறையை 2,700க்கு மேற்பட்ட தம்பதிகளிடம் பிரித்தானியாவில் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உயிருள்ள பிறப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. கருச்சிதைவு குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல. எங்கள் எண்ணத்தில், முதல் சுற்றிலேயே இவற்றுக்குக் காசு கொட்டக் காரணமில்லை. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு அல்லது உயர்ந்த டிஎன்ஏ சிதைவு இருந்தால் வைத்தியரிடம் கேட்கலாம்.

அசையாத அணுவெல்லாம் செத்தவையல்ல. செறிவு குறைந்த கரைசலில் இட்டால் உயிருள்ளதன் வால் வீங்கிச் சுருளும், இக்சிக்கு அதைத் தெரியலாம். அணுவே இல்லாதவருக்கு முதல் கேள்வி, பாதை அடைபட்டதா, உற்பத்தியே இல்லையா என்பது. அடைப்பென்றால் விதையிலிருந்தே ஊசியால் எடுக்க நல்ல வாய்ப்புண்டு. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர் அதை மறைக்கவே கூடாது. அந்த ஊசி மூளையிலிருந்து விதைக்கு வரும் கட்டளையை நிறுத்தி உற்பத்தியைச் சைபருக்குக்கூடக் கொண்டுபோகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுக்காமல் விதையைக் கீறித் தேடுவது தேவையற்ற சத்திரசிகிச்சையாக முடியலாம்.