தக்காளி நாற்றைக் குளிருக்குப் பழக்கியது: என் அனுபவம்

இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசி. ஹீட்டர் போட்ட கண்ணாடிக் குடிலில் 18 டிகிரியில் வளர்ந்த தக்காளி நாற்றுகளை, ஒரே நாளில் வெளியே இருந்த கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிக்கு மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், இலையின் மேல்புறம் அங்கங்கே காகிதம் போல வெளுத்திருந்தது. அடிப்புறம் நரம்போடு சேர்த்து ஊதா. வெளுப்பு நேர்வெயிலால் வந்தது, ஊதா குளிரால். மண் குளிர்ந்தால் வேர் பாஸ்பரஸ் சத்தைச் சரியாக இழுக்காது, அதனால்தான் அந்த ஊதா. அப்போது உரம் போட்டுப் பயனில்லை.

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தேன். முதலில் குடிலின் இரவுச் சூட்டை 12 டிகிரிக்கு இறக்கினேன், தண்ணீரையும் குறைத்தேன். அப்புறம் பகலில் மட்டும் பெட்டிக்குள், மேலே மெல்லிய வெள்ளைத் துணி. காலையில் மூடியின் ஓரத்தில் ஒரு செங்கலைக் குத்தவைத்துத் தூக்கிவிடுவேன். வெயில் நாளில் இதை மறந்தால் நாற்று உள்ளேயே வெந்துபோகும்; குளிரைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நான்கு மணிக்கு மூடினால் பகல் சூடு கொஞ்சம் உள்ளேயே தங்கும்.

பத்து நாள் கழித்துத்தான் இரவிலும் வெளியே விட்டேன். 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் மூடிமேல் பழைய கம்பளி. தண்டு தடித்தது. புதிதாக விட்ட இலைகளில் ஊதா இல்லை.