தோட்டத்தில் சுகாதார வேலையைத் தொடங்குவது எப்படி: பீலியும் தேத்தண்ணியும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் இளைஞர் மன்றம் சுகாதாரத்துக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று கூடிப் பேசினால், பெரும்பாலும் கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டிக் கருத்தரங்கு நடத்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது. நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள், மறுநாள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஆகவே, பேச்சைப் பிறகு வைத்துக்கொண்டு தண்ணீரில் தொடங்குங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேராகச் சேர்ந்து, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் குழாய் வழியே ஊற்று வரை ஏறிச் செல்லுங்கள். குழாய் எங்கே வெடித்திருக்கிறது, எங்கே வடிகானுக்குள் கிடக்கிறது, ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மாட்டுத்தொழுவமோ மரக்கறித் தோட்டமோ இருக்கிறதா, நீர் சேரும் தொட்டிக்கு மூடி உண்டா என்பவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் படமாக வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, நீர் மாதிரியைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்; பிரதியொன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம். அது சட்டம் தந்த உரிமை.

பரிசோதனை முடிவு வரும் வரை கொதித்த நீரையே குடிக்கவேண்டும். மழைக்குப் பின் கலங்கிவரும் நீரை மடித்த துணியால் வடித்து, நன்றாகக் கொதித்த பிறகும் சில நிமிடங்கள் அடுப்பில் விடுங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆயினும் நெருப்புக் காய்ச்சலையும் (தைபொயிட்) செங்கண்மாரியையும் (மஞ்சட்காமாலை) பரப்பும் கிருமிகளை அழிக்க அந்தச் சூடு போதும். விறகுக்குத் தட்டுப்பாடு என்பது உண்மைதான். அந்திக்குத் தேத்தண்ணி வைக்கும்போதே கேத்தலை நிறைய வைத்தால் அதற்கென்று தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆறிய நீரை வாய் குறுகிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். கை விட்டு மொள்ளும் வாளியில் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்த வேலை, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை. வளர்பருவப் பெண்பிள்ளைகளிடம் சோர்வும் மூச்சிரைப்பும் கண்டால் “சரியாகச் சாப்பிடுவதில்லை” என்று ஏசிவிட்டு விடுகிறோம். ஆனால் ரொட்டியோடும் சோற்றோடும் குடிக்கும் சாயத்தண்ணியும் இதில் பங்காளி என்பதை, கொழுந்து பறித்தே வாழும் நம்மிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ஒரு கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத கடும் சாயத்தை ஊற்றி, இரும்புச்சத்து மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். செம்பழுப்பாக இருந்த சாயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை போலக் கறுக்கும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்துகொள்வதால் வரும் கறுப்பு அது. வயிற்றுக்குள்ளும் அவ்வாறே பிணைந்து, இரும்பில் ஒரு பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் அந்தக் குவளை கைக்குக் கை மாறியபோது எழுந்த சத்தம் எந்தக் கருத்தரங்கிலும் எழுந்ததில்லை. (செய்து காட்டிய சாயத்தை உடனே கொட்டிவிடுங்கள், இரும்பு மாத்திரைகளைச் சிறு பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து.)

தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். கீரை, கௌபி, நெத்தலி ஆகியவற்றோடு தேசிக்காய்ப்புளியோ கொய்யாப்பழமோ சேர்க்கச் சொல்லுங்கள், தேசிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள விற்றமின் சீ இரும்பை உடலில் சேரவைக்கும். பாடசாலையில் மாத்திரை தரும்போது மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்பே தெரிவித்தால், பயந்து பாதியில் நிறுத்தும் பிள்ளைகள் குறைவார்கள்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை மன்றத்துக்கு உள்ள வேலை சிறியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் 6ஆம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாக, 6 மாத இடைவெளியில் இரு தடவைகள் போடப்படுகிறது. சம்மதப் படிவத்தை வாசித்து விளங்கவைக்க வீட்டில் ஆளில்லாமல் ஒரு பிள்ளைக்கு அது தவறிப்போகாதபடி, அந்த வாரம் லயத்தில் ஒரு நடை நடந்து வாருங்கள்.

வெற்றிலையைப் பற்றிப் பெரியவர்களிடம் பேச இளைஞர்கள் கூச்சப்படுவார்கள், ஆனால் இன்று அதைப் பழகுவது இளைஞர்களும்தான். பாக்கு, புகையிலை சேராமலும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. மென்று பழகியவர் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். நுழையாவிட்டாலும், உறைப்புப் பட்டதும் வாய் எரிந்தாலும், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டுத் தெரிந்தாலும், வலி இல்லையென்று இருந்துவிடாமல் பல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். சிகரெட்டையும் மதுவையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதைக் கடைக்காரருக்குப் பகையில்லாமல் ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

கொழும்பில் வேலையை இழந்து திரும்பிவந்து யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருக்கும் தம்பி தங்கைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களை முதலில் ஊற்றைப் பார்க்கும் வேலைக்கு அழையுங்கள். மனநல உதவிக்கு 1926, அம்புலன்சுக்கு 1990 என்ற இரண்டு இலக்கங்களையும் பெயின்றால் பெரிதாகப் பீலிச் சுவரிலேயே எழுதிவிடுங்கள், லயத்தில் எல்லோரும் நாளுக்கு இரண்டு தடவையாவது வந்து நிற்கும் இடம் அதுதான்.